கேபிளை வாங்கிய கடையைக் கேளுங்கள்

கிணற்று மேட்டில் மோட்டார் இருக்கிறது, ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது; இரண்டுக்கும் நடுவே ஓடிய கேபிளைக் காணோம். வெட்டுப்பட்ட முனையில் நாலைந்து காப்பர் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓடைக்கரையில், மேலுறையை எரித்துக் கம்பியைப் பிரித்த இடம் கருகிக் கிடக்கிறது. கொங்கு வட்டார விவசாயிகளுக்கு இது பழகிப்போன காட்சி. புதுக் கேபிளுக்குச் செலவு அவர்கள் கையிலிருந்துதான். ஸ்டேஷனில் மனு ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். எஃப்ஐஆர் வேண்டுமென்றால் நடையாய் நடக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மரில் கை வைத்தால் ஊரே முடங்குகிறது. அதைக் கழற்றித் தள்ளி, ஆயிலை மண்ணில் கொட்டிவிட்டு, உள்ளேயிருக்கும் காப்பர் காயிலை மட்டும் உருவிக்கொண்டு போகிறார்கள். மாற்று வந்து சேரும்வரை அந்த லைனில் ஒரு மோட்டாரும் ஓடாது. பயிர் கதிர் பிடிக்கும் நேரமாக இருந்தால் அந்தப் போகமே போச்சு. நகரத்தாரும் தப்பவில்லை. 2024 டிசம்பர் 5 அன்று மோதி நகருக்கும் கீர்த்தி நகருக்கும் இடையே கேபிள் திருடு போனதால், டெல்லி மெட்ரோவின் ப்ளூ லைன் ரயில்கள் பகல் முழுக்க ஊர்ந்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்சாரச் சட்டம் 2003-இன் 136-ஆவது பிரிவு, மின்கம்பியையோ மின்சாதனத்தையோ திருடினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. மின்வாரியத்தின் பொருள் மட்டுமல்ல, தனி உரிமையாளரின் பொருளும் அதில் அடங்கும். திருட்டுப் பொருளை வாங்கியவருக்கு 137-ஆவது பிரிவிலும் அதே மூன்றாண்டு. ஆனால் அது திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அவர் வாங்கினார் என்பதைப் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். எரித்து, நறுக்கி, மூட்டையில் வந்த கம்பிக்கு இதை எப்படி நிரூபிப்பது?

ரயில்வேக்கு மட்டும் வேறு சட்டம். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருடப்பட்டதெனச் சந்தேகப்பட நியாயமுள்ள ரயில்வே பொருள் ஒருவர் கையில் இருந்தால், அது முறையாக வந்தது என்று அவரே காட்ட வேண்டும். தவறினால் ஐந்தாண்டு வரை சிறை. தண்டவாளத்துக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு விவசாயியின் கேபிளுக்கும் ஊர் டிரான்ஸ்பார்மருக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

திருடனை மட்டும் துரத்துவதில் பயனில்லை. ஒருவன் உள்ளே போனால் இன்னொருவன் வருவான். ரொக்கத்துக்கு எடை போடும் கடை மட்டும் அங்கேயே இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய உலோகம் வாங்கும் கடைக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டும். விற்பவரின் பெயர், முகவரியைச் சரிபார்க்க வேண்டும். பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ரொக்கம் கொடுக்கவே கூடாது. நம் ஊரிலும் முடியும். பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் விதி வந்தது. வரிக்காகக் கணக்குக் கேட்கும் அரசு, களவைத் தடுக்கவும் கேட்க வேண்டாமா?

தகரமும் பாட்டிலும் பொறுக்கி வயிறு கழுவும் பெண்களின் தலையில் இது விடியக் கூடாது. 2022-இல் கென்யா பழைய உலோக வியாபாரத்தையே மொத்தமாகத் தடை செய்து, சில மாதங்களில் விலக்கிக்கொண்டது. அந்த வழி வேண்டாம். வீட்டுப் பாத்திரம், டப்பாவை விட்டுவிடலாம். எரித்த காப்பர், கேபிள், டிரான்ஸ்பார்மர் காயில், மேன்ஹோல் மூடி ஆகியவற்றுக்கு மட்டும் ஆதாரும் வங்கிப் பரிமாற்றமும் கட்டாயம் என்று உரிம நிபந்தனையில் சேர்த்தால் போதும்.

மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள். கேபிள் திருட்டுப் புகார்களில் எத்தனைக்கு 136-ஆவது பிரிவில் வழக்குப் போட்டார்கள், எத்தனை கடைக்காரர்கள் மீது 137 பாய்ந்தது என்று கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.