ஒழுகாத வீடு வேண்டுமா?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது பழைய கணக்கு. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடமும் உண்டு. மலை உச்சியில் தீபம் ஏற்றும் அந்த மாதத்தில்தான் வீட்டுக்கு வீடு உறவினர் வந்து இறங்குகிறார்கள். கூடத்தின் நடுவில் சொட்டும் நீருக்கு அடியில் அண்டாவை வைத்துவிட்டு, "வாங்க, இந்தப் பக்கமா தள்ளி உட்காருங்க" என்று விருந்தினரை வரவேற்கும் இல்லத்தரசியின் முகத்தை நினைத்துப் பாருங்கள்!

மறுநாள் காலை வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடைக்கு ஓடுகிறார். ஒரு டப்பா ரப்பர் பூச்சோ, ஒரு குழாய் சிலிக்கான் பசையோ வாங்கி வந்து, ஈரம் சொட்டும் கூரையில் உள்பக்கமாக அப்புகிறார். பத்து நாளில் அது தோல் உரிவதுபோல் உரிந்து விழுகிறது. பசையைத் திட்டுகிறார், கடைக்காரரைத் திட்டுகிறார். பாவம், குற்றம் இருவர் மேலும் இல்லை!

ஒட்டி, நீரைத் தடுக்கும் வித்தை நமக்குப் புதியதல்ல. அண்ணாமலையார் கோயிலில் 2017-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது நினைவிருக்கும். கும்பாபிஷேகம் என்றாலே அஷ்டபந்தனமும் கூடவே வரும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன் மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் இடித்து இளக்கி, விக்கிரகமும் பீடமும் சேரும் இடுக்கில் சாத்துகிறார்கள். நாள்தோறும் அபிஷேகம் செய்யும் பாலும் நீரும் அந்த இடுக்கில் இறங்காமல் அது காக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது மரபு. தெய்வத்தின் பீடத்துக்கே பசைக்குத் தவணை உண்டென்றால், நம் மொட்டை மாடிக்கு ஒரு முறை பூசிவிட்டு ஆயுள் முழுவதும் மறந்துவிடலாமா?

சரி, சிமென்டு இருக்க ரப்பர் எதற்கு? பகல் வெயிலில் மாடித் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. அதனால் விரிசலின் வாய் தினந்தோறும் திறந்து மூடுகிறது. அதில் சிமென்டை அடைத்தால், இழுபட மாட்டாத சிமென்டு மறுபடி அதே இடத்தில் வெடிக்கும். ரப்பரோ இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்புகிறது. 1823-ல் மக்கின்டோஷ் என்பவர் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து மழைத்துணி செய்தார். ஆனால் அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-ல் குட்இயர் என்பவர் ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தபோதுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்று டப்பாவில் வருபவை பெரும்பாலும் ரசாயனத்தால் செய்த உறவுக்காரர்கள். ஆனால் குணம் அதேதான்.

பசையைப் பயன்படுத்தும் முறையை நமக்குச் சொல்லித் தர சைக்கிள் கடைக்காரர் போதும். பஞ்சர் ஒட்டும்போது கவனியுங்கள். முதலில் ஓட்டை எங்கே என்று தண்ணீரில் முக்கிப் பார்க்கிறார். பிறகு ட்யூபைத் துடைத்து, உலர்த்தி, தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார். சொல்யூஷனைத் தடவிச் சற்று உலர விடுகிறார். கடைசியில்தான் ஒட்டுகிறார். ஒட்டும் வேலை ஒரு நிமிஷம். ஆயத்த வேலைதான் மீதியெல்லாம்!

மாடிக்கும் அதே சூத்திரம்தான். நீர் சொட்டும் இடமும், நீர் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆகவே கோடையில் மாடியைப் பகுதி பகுதியாகக் களிமண் வரப்புக் கட்டி, ஒரு நாள் நீர் தேக்கிப் பாருங்கள். எந்தப் பகுதியில் தேக்கும்போது கீழே கசிகிறதோ அங்கேதான் வினை. மழைநீர்க் குழாயின் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் கால் ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். விரிசலைச் சற்றே அகலமாக வெட்டி, தூசி போக்கி, நன்கு காய்ந்தபின், மேல்பக்கத்திலிருந்து அடையுங்கள். அதன்மேல் ரப்பர் பூச்சை ஒன்றுக்கு இரண்டு கை, முதல் கை காய்ந்த பிறகு, பூசுங்கள். சித்திரை, வைகாசி இதற்கேற்ற மாதங்கள்.

எல்லாப் பசையும் எல்லாவற்றுக்கும் ஆகாது. குளியலறை ஓடு, கண்ணாடி, வாஷ்பேசின் ஓரம் இவற்றுக்குச் சிலிக்கான் நல்லது. ஆனால் அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. புளித்த காடி வாசனை அடிக்கும் ரகம் சிமென்டுக்கும் இரும்புக்கும் ஆகவே ஆகாது. குழாய் மூட்டில் கசிவென்றால், இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி மாவு உதவும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடானால், அவசரப்பட்டு எதையும் பூசாதீர்கள். உள்ளே ஈரம் அடைபட்டால் மர உத்தரம் உளுத்துப் போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அழையுங்கள்.

ரப்பர் சொல்யூஷனின் ஆவி சட்டென்று தீப்பற்றும். அடுப்போ, பூஜை விளக்கோ எரியும் அறையில் அதைத் திறக்கவே கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சுவிட்சுப் பெட்டியருகே நீர் கசிந்தால் பசையைத் தேடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் அது கோட்டைத் தாண்டினாலும், கூரையின் உள்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலும், அது பசைக்கு அடங்கும் விஷயமல்ல. மேலே பெயின்ட் அடித்து மறைப்பது, புண்ணுக்குப் பவுடர் போடுவது போலத்தான். பொறியாளரிடம் காட்டுவதே உசிதம். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின்மேல் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களில் குழந்தைகளும் உண்டு. அடைமழையில் சுவர் புடைத்தாலோ, தரை புதிதாகப் பிளந்தாலோ, பாத்திரம் பண்டம் பார்க்காமல் குழந்தைகளோடு வெளியேறுங்கள்.

ஒழுகும் கூரையை அடைக்க டப்பா இருக்கிறது. எதை அடைக்கலாம், எதை விட்டு விலக வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் புத்தியை மட்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை!