ஆலை மடிந்தது, அங்காடி எழுந்தது!

தோழர்களே! "ஃபேக்டரி அவுட்லெட்" என்கிறார்கள். ஆலையிலிருந்து நேரே, மலிவு விலையில் வாங்கலாமாம். எங்கே அந்த ஆலை என்று கேட்டுப்பாருங்கள்!

இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில், 1843இல் இயங்கத் தொடங்கியது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பணிமனை. உச்சக்கட்டத்தில் சுமார் 14,000 பேர் அங்கே உழைத்தனர். பிரிட்டிஷ் ரயில்வேக்கென உருவான கடைசி நீராவி எஞ்சின் 'ஈவ்னிங் ஸ்டார்', 1960இல் அவர்தம் கரங்களில்தான் பிறந்தது. உழைத்தோர் பெற்ற பரிசு என்ன? 1986இல் பூட்டு!

பூட்டிய கதவைத் திறந்தது யார்? தொழிலாளியா? அல்ல, அல்ல! 1993இல் ஐரோப்பாவில் தோன்றி, 1995இல் செஷயர் ஓக்ஸில் கடை விரித்த மெக்ஆர்தர்கிளென் நிறுவனம்! 1997இல் அதே செங்கற் கூடங்களில் ஆடையும் காலணியும் அடுக்கி வைத்தது. பழைய எஞ்சின் ஒன்றையும் நடுவே நிறுத்தினார்கள், வருவோர் வேடிக்கை பார்க்க!

கட்டடங்களைக் காத்தோம் என்பர். மெய்தான்; இடிப்பதைவிட நன்று. வேலை தந்தோம் என்பர். கொதிகலன் அடித்துப் பழகிய கைகளுக்குச் சட்டை மடிக்கும் வேலையா ஈடு? எஞ்சினுக்கு அங்கே இடமுண்டு. அதைச் செய்தவனோ, விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துப் பணப்பையைத் தடவும் வாடிக்கையாளனாகத்தான் அந்த வாயிலில் மீண்டும் நுழைய முடிந்தது!