விற்காத வீட்டுக்கு வாசல் குற்றமில்லை

ஓசூரில் ஒரு வீடு ஒரு வருஷம் விற்காமல் கிடந்தால் காரணம் சொல்ல ஊரே தயாராக இருக்கும். தெற்கு வாசல் என்பார்கள். தெருக்குத்து என்பார்கள். ஈசானிய மூலையில் கழிவறை என்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் வாஸ்து பேசத் தெரிந்த ஊர் இது. மத்திகிரி, பாகலூர் ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு என்று இரண்டு வருஷம் வீடு தேடி அலைந்தவன் நான். வாங்க முடியாமல் திரும்பி வந்த வீடுகளில் பலவற்றுக்கு வாசல் கிழக்கே பார்த்துத்தான் இருந்தது.

பட்டா சிக்கலால் நிற்கும் வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் பேசுவது பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருந்தும் விற்காத வீடுகளைப் பற்றி. அங்கே பேச்சு முறிகிற இடம் ஒன்றுதான். எல்லாம் பிடித்துப்போன பிறகு புரோக்கர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "சார், ஒயிட் எவ்ளோ, பிளாக் எவ்ளோ?"

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டு விலை 50 லட்சம். முழுத்தொகையும் பத்திரத்தில் இருந்தால் வங்கி 80 சதவீதம், அதாவது 40 லட்சம் வரை கடன் தரலாம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு நாலரை லட்சம். என் கையில் வேண்டியது பதினாலரை லட்சம். கஷ்டம்தான், ஆனால் பத்து வருஷம் சேர்த்தால் முடிகிற கஷ்டம்.

இப்போது பத்திரத்தில் 35 லட்சம் மட்டும் காட்டுவோம் என்கிறார் விற்பவர். வங்கி பத்திர விலையை வைத்துத்தான் கணக்குப் போடும். ரிசர்வ் வங்கி விதிப்படி எனக்கு அதிகபட்சம் 30 லட்சம் கிடைக்கலாம். பதிவுச்செலவு 3.15 லட்சமாகக் குறையும். ஆனால் நான் புரட்ட வேண்டியது 23.15 லட்சம். 1.35 லட்சம் மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லி 8.65 லட்சத்தைக் கூடுதலாகக் கேட்கிறார்கள். அதிலும் 15 லட்சம் ரொக்கமாக வேண்டும்.

வருமான வரி பிடித்தது போக வங்கிக் கணக்கில் சம்பளம் விழுகிறவனிடம் ரொக்கம் ஏது? நகையை அடகு வைக்கணும், இல்லை பர்சனல் லோன் போட்டு உருவணும். அதாவது வெள்ளைப் பணத்தைக் கறுப்பாக்க நான் வட்டி கட்டணும்.

சரி, விற்பவருக்காவது பெரிய லாபமா? இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடென்றால் மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். மறைக்கிற 15 லட்சத்துக்கு அது 2 லட்சத்தைத் தொடாது. அந்தப் பணத்தில் இன்னொரு வீடு வாங்குகிறவருக்குச் சட்டமே விலக்கு தருகிறது. இந்த 2 லட்சத்துக்காகத்தான் வீட்டைப் பூட்டி வைத்து, வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்து, தெற்கு வாசலைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீடு விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். யார் பயப்படுகிறார்கள்?

அரசும் இதில் கை கழுவ முடியாது. 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக்கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதம் ஆக்கினார்கள். சந்தை விலைக்கும் பத்திர விலைக்கும் நடுவிலிருந்த பள்ளத்தை அரசே வெட்டி ஆழமாக்கியது. 2023-ல்தான் பழைய மதிப்புக்குத் திரும்பி, கட்டணத்தை 2 சதவீதம் ஆக்கினார்கள். அதற்குள் ஆறு வருஷப் பழக்கம் ஊறிவிட்டது. குறைத்துப் பதிந்து வாங்கியவர் நாளை விற்கும்போது, காகிதத்தில் அவர் லாபம் ஊதித் தெரியும். அவரும் பிளாக் கேட்பார். நோய் வீட்டோடு சேர்ந்தே கைமாறுகிறது.

விலை ஏறியதுதான் காரணம் என்பார்கள் சிலர். அத்திப்பள்ளி தாண்டினால் என்ன விலை தெரியுமா என்பதோடு, 2024 ஜூனில் சட்டமன்றத்தில் ஓசூர் விமான நிலையம் அறிவித்த நாளிலிருந்து அதையும் விலையில் சேர்த்துச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அதிக விலையைப் பேசிக் குறைக்கலாம், கடனை நீட்டிக் கட்டலாம். கறுப்புக்கு எந்த வங்கியும் தவணை போடாது.

இந்த ஊரை ஊராக்கியது சிப்காட். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஷிப்டுக்குப் போய் வந்தவர்களின் சம்பளம். அந்தச் சம்பளச்சீட்டு இங்கே ஒரு வீட்டை வாங்க உதவாதென்றால், வீடுகள் யாருக்குப் போகும்? ரொக்கம் வைத்திருப்பவருக்கு. அவருக்கு ஏற்கெனவே நாலு வீடு இருக்கும். நாம் அதில் ஒன்றில் வாடகைக்கு இருப்போம்.

வீடு விற்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு வாஸ்து செலவில்லாத ஒரு பரிகாரம் சொல்கிறேன். வாசலை இடிக்க வேண்டாம், எலுமிச்சம்பழம் கட்ட வேண்டாம். 'வீடு விற்பனைக்கு' போர்டில் இன்னொரு வரி எழுதுங்கள்: முழுத்தொகையும் பத்திரத்தில். சம்பளக்காரர்கள் கூப்பிடுவார்கள்.