கால்வாய் அடைக்கும் முறை நாட்களில் பகல் நேர மும்முனை மின்சாரம் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், பாசன விவசாயிகள் சங்கம், ஆனையூர்.
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.
பார்வை: இதே பொருளில் நாங்கள் ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

பெருமதிப்பிற்குரியீர்,

ஆனையூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைவிப்போரின் சங்கம் எங்களுடையது.

முந்தைய மனுக்களுக்கு, ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. அதன்பின் யாரும் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை. ஆகவே அவற்றில் சொன்னதையே மீண்டும் விரிவாக எழுதுகிறோம்.

1. வைகை அணையிலிருந்து முதல்போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் அரசாணையே எங்கள் ஆதாரம். பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பரப்பு 45,041 ஏக்கர். அதில் மதுரை வடக்கு வட்டம் மட்டும் 26,792 ஏக்கர். முதல் 45 நாட்கள் விநாடிக்கு 900 கன அடி வீதம் தொடர்ச்சியாகவும், அடுத்த 75 நாட்கள் முறை வைத்தும் (சில நாட்கள் திறந்து, சில நாட்கள் அடைத்து), ஆக 120 நாட்களுக்கு 6,739 மில்லியன் கன அடி என்பது ஆணையின் கணக்கு. இதற்குமேல் ஒரு சொட்டும் நாங்கள் கேட்கவில்லை.

அந்த 75 நாட்களில்தான் எங்கள் பாடு இருக்கிறது. ஜூனில் திறந்த தண்ணீரில் நாற்றுவிட்டு நட்ட பயிர், முறை வைக்கும் காலத்தில்தான் பொதி கட்டிப் பூத்துப் பால் பிடிக்கிறது. அப்போது வயல் காய்ந்தால் கதிர் பதராகும். கால்வாய் அடைத்திருக்கும் நாட்களில் பயிரைக் காப்பது கிணற்று மோட்டார் ஒன்றுதான். பகலில் மும்முனை மின்சாரம் இல்லாவிட்டால் அதுவும் ஓடாது. நள்ளிரவில் மின்சாரம் வந்தால், வயதானவர்களும் பெண்களும் பாம்பு நடமாடும் வரப்பில் டார்ச் பிடித்துப் போய் மடை மாற்ற வேண்டியிருக்கிறது.

மின் அலுவலகத்தில் கேட்டால், முறை தேதி தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். பாசன அலுவலகத்தில் கேட்டால், மின்சாரம் தங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆற்றின் பயன்கள் அல்லவா? 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அதே தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, 1959-இல் திறந்த வைகை அணை வழியாக எங்கள் வயலுக்கு வருகிறது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். 2021-இல் 24 மணி நேர மும்முனை மின்சாரமும் அறிவிக்கப்பட்டது. நாங்கள் கேட்பது அந்த 24 மணி நேரத்தில் பகல் பாதி, அதுவும் முறைப்படி கால்வாய் அடைக்கும் நாட்களுக்கு மட்டும். முறை அட்டவணை தயாரானதுமே மின்வாரியத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். அந்த நாட்களில் காலை 6 முதல் மாலை 6 வரை தடையின்றி மும்முனை மின்சாரம் வர வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. தங்கள் தலைமையில் இரு துறை அலுவலர்களும் ஒருமுறை கூடிப் பேசினால் போதும்.

2. கண்மாய் வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்றித் தூர்வாரிட வேண்டும்.

3. பழுதான மதகுகளின் அடைப்புப் பலகைகளை மாற்றித் தந்திட வேண்டும்.

4. வயல்களின் மேல் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை இழுத்துக் கட்டிட வேண்டும்.

5. 2011-இல் ஆனையூர், மதுரை மாநகராட்சியோடு இணைந்ததைக் காரணம் காட்டி, இங்குள்ள பாசனப் பணிகளைத் தள்ளிவைக்காதிருக்க வேண்டும்.

முதல் கோரிக்கை மீதான முடிவை, அடுத்த முதல்போகத்துக்கு அணை திறக்கும் முன்பே எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்