ஆச்சி வீட்டு ஃபேனைப் பிரிக்கலாம், வாங்க!

தூத்துக்குடியில் ஆச்சி வீட்டுக் கூடத்தில் பழைய சீலிங் ஃபேன் ஒன்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்க முடியும், அவ்வளவு கனம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். அந்தக் காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்குமா? பழைய இரும்புக்குப் போட மனசு வராமல், பெயின்ட் அடித்துப் புதுசாக்க நானே பிரித்தேன்.

மாட்டியதும் ஃபேன் ஜோராகச் சுற்றியது. ஆனால், கீழே காற்றே இல்லை! தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. மூன்று ஒயர்களும் கறுத்துக் கிடந்ததால் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அன்று காயில் கட்டும் கடை அண்ணாச்சி சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். கரன்ட் இல்லாவிட்டாலும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அதன் முனைகளை வெறும் கையால் தொடாதீர்கள்.

கழற்றும் முன் ஒயர்களை மொபைலில் படம் எடுங்கள். இறக்கைகளுக்கும் அவை உட்காரும் இடத்துக்கும் 1, 2, 3 என எண் போடுங்கள். இடம் மாறினால் ஃபேன் ஆட்டம் போடும். மோட்டார் மூடிகள் இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு கீறிவையுங்கள்.

சீலிங் ஃபேனில் நடுவிலுள்ள காயில் அசையாமல் நிற்கும். வெளி உடம்புதான் சுற்றும். ஸ்க்ரூக்களைக் கழற்றி, மரச்சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் மூடி விடும். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் காயில் கம்பி அறுந்துவிடும். காயிலுக்குப் பிரஷ் மட்டும் போதும். தண்ணீர், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. பேரிங்கைப் புல்லர் வைத்து எடுத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் புதிது வாங்குங்கள்.

ஒயர் குழப்பமா? மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து, மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எந்த ஜோடி அதிகம் காட்டுகிறதோ, அவை ஸ்டார்ட்டிங், ரன்னிங். மிச்சமிருப்பது காமன். கண்டென்சர் அந்த ஜோடிக்கு நடுவில்தான் வரும். சுற்றும் திசை மாறினால், லைன் ஒயரை கண்டென்சரின் அடுத்த முனைக்கு மாற்றினால் போதும்.

இனி பெயின்ட். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதுதான் முக்கியம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய ஃபேனின் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயத்தூள் உள்ளே போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மாஸ்க் போட்டு, வெளியில் வைத்துத் தேய்யுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: பெயின்ட் அடிக்கும் முன் இறக்கை, கப், ராடு, காயில் நீக்கிய வெளி மூடி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். கழுவாமல் அடித்தால் பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு கிளம்பி, கொப்புளம் கொப்புளமாக உரியும். இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அவசியம். பேரிங் உட்காரும் இடத்திலும், மூடிகள் சேரும் விளிம்பிலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுங்கள்.

மூடியதும் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக்கூடாது. பிறகு காயில் கடையில் கொடுத்து, உடம்பில் கரன்ட் கசிகிறதா என்று மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபேன் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. எர்த் ஒயரும் கட்டாயம்.

மாட்டும்போது பழைய ரப்பர் புஷ்ஷையும் ஸ்ப்ளிட் பின்னையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். சில ரூபாய் சாமான்தான். ஆனால், அவ்வளவு கனமும் வீட்டார் தலைக்கு மேல் அதை நம்பித்தான் தொங்குகிறது!