மிருகத்தின் பக்கம்

2020 செப்டம்பரில் ஹங்கேரியின் நாடாளுமன்ற உறுப்பினர் டோரா டூரோ பத்திரிகையாளர்களைக் கூட்டி, அவர்கள் கண்ணெதிரே ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்தார். கிழித்ததைக் காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டார். 'கதையுலகம் எல்லோருக்கும்' என்று பொருள்படும் தலைப்பில் லாப்ரிஸ் என்ற லெஸ்பியன் பெண்கள் அமைப்பு வெளியிட்டிருந்த தொகுப்பு அது. பழைய தேவதைக் கதைகளும் தொன்மங்களும் புதிதாகச் சொல்லப்பட்ட 17 கதைகள். ரோமா இனத்தவர், ஏழைகள், மாற்றுத்திறனாளிகள், தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் என்று, அரண்மனைக் கதைகளில் இடம் கிடைக்காதவர்களை அதன் எழுத்தாளர்கள் நடுக்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். கிழித்த பிறகு புத்தகம் இன்னும் வேகமாக விற்றது. ஆனால் 2021 ஜனவரியில், மரபான ஆண், பெண் நிலைக்கு ஒவ்வாத நடத்தை இதில் உள்ளது என்ற எச்சரிக்கையை அச்சிடும்படி அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில், தன்பால் உறவைச் சிறார் பார்க்கும்படி சித்தரிப்பதையே கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

குழந்தைகளின் பழைய கதைகளைக் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எங்கு எழுந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. எந்தப் பழைய கதை? கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். பெற்றவள் அப்படிச் செய்வாள் என்பதை வீட்டில் உரக்கப் படிக்க முடியவில்லை. சித்தி என்றால் தாராளமாகப் படிக்கலாம். அந்த ஒரு திருத்தம் உலகம் முழுக்க எத்தனை சித்திகள்மீது பழியாக விழுந்திருக்கும்!

'அழகியும் மிருகமும்' கதையும் இப்படித்தான். 1740இல் அதை முதலில் எழுதியவர் வில்னவ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. அதில் மிருகம் ஒவ்வோர் இரவும் அழகியிடம், உன்னோடு படுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். லண்டனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பொமோன் 1756இல் அந்த நீண்ட கதையைச் சுருக்கியபோது, என்னை மணந்துகொள்வாயா என்று கேள்வியை மாற்றினார். முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கப்படப் போகும் சிறுமிகளுக்கு, பழகிப் பார், உள்ளே நல்லவன் இருப்பான் என்று ஆறுதல் சொல்வதற்கு அது மிகவும் பொருந்தியது. நாம் மூலம் என்று நினைப்பது பெரும்பாலும் பொமோனின் திருத்தத்தைத்தான்.

பொமோனுக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். 1690களில் பாரிஸில் தேவதைக் கதை எழுதுவது பெரும் மோகமாக இருந்தது. எழுதியவர்களில் பெண்களே அதிகம். அவர்களில் ஒருவர் ஆன்ரியெட்-ஜூலி த முரா. 1698இல் தன் தேவதைக் கதைகளை அச்சில் கொண்டுவந்தார். அதே காலத்தில் பாரிஸ் காவல் துறைத் தலைவரின் அறிக்கைகளில், பெண்களோடு உறவு வைத்திருப்பவர் என்று அவர்மேல் குற்றச்சாட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தன. 1702இல் அரச ஆணையின்பேரில் லோஷ் கோட்டையில் அடைக்கப்பட்டார். கோபுரத்தில் பூட்டப்பட்ட பெண்ணைக் கதையில்தான் நாம் பார்த்திருக்கிறோம். கதை எழுதியவரையே பூட்டினார்கள். ஆகவே பெண்ணை நேசித்த பெண்ணை யாரும் இப்போது புதிதாகக் கொண்டுவந்து தேவதைக் கதைக்குள் நுழைக்கவில்லை. இந்தக் கதைவகை அச்சேறிய நாளிலேயே அவள் பேனாவோடு அங்கே உட்கார்ந்திருந்தாள்.

சுனிதி நம்ஜோஷியை இங்கே சொல்லாமல் நகர என்னால் முடியாது. 1941இல் பம்பாயில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, அந்த வேலையை விட்டுக் கனடா சென்று, கவிஞர் எஸ்ரா பவுண்ட் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, டொரண்டோவில் பேராசிரியராக இருந்தவர். 1981இல் லண்டனின் ஷீபா பெண்ணியப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய 'ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ்' தொகுப்பில் பல கதைகள் ஒரு பக்கத்தைத் தாண்டாது. பஞ்சதந்திரமும் கிரேக்கத் தொன்மமும் ஆண்டர்சனும் அடுத்தடுத்து வருவார்கள். மகன் வேண்டுமென்று வரம் கேட்ட அந்தணர் ஒருவர் அடுத்த பிறவியில் பெண்ணாகப் பிறக்கிறார். அவருடைய மகளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று விஷ்ணு கேட்க, மனிதப் பிறவிக்குரிய மதிப்பு வேண்டும் என்கிறாள் அவள். அது மிகக் கடினமாயிற்றே என்கிறார் கடவுள்.

அதே நூலில் அழகியும் மிருகமும் கதைக்கு அவர் செய்தது துணிச்சலானது. அங்கே மிருகம் சாபம் பெற்ற இளவரசன் இல்லை, ஒரு பெண். இன்னொரு பெண்ணை நேசித்ததால்தான் அவள் மிருகமாகிறாள். மூலக்கதையில் அன்பு மிருகத்தை மனிதனாக்கும். நம்ஜோஷியிடம் அதே அன்பு மனுஷியை மிருகமாக்குகிறது. அந்த மிருகத்துக்குச் சீற்றம் தெரியாது, மிக மென்மையானது. தனியே வாழ்ந்து தனியே சாகிறது. தன்னைப்போல் ஒருத்தி எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், இருக்கும் கதைகளிலேயே தனக்குக் கொஞ்சமாவது பொருந்துவது மிருகத்தின் கதைதான் என்று கண்டுகொள்ளும் ஒரு சிறுமியின் துயரம் அது. சில பத்திகளே உள்ள அந்தக் கதை என்னை உலுக்கியதுபோல முந்நூறு பக்க நாவல் எதுவும் உலுக்கியதில்லை.

ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் இதே கதையை இரண்டு விதமாக எழுதினார். இரண்டாவதில் மிருகமாக வரும் புலி மனிதனாவதில்லை, அழகியே புலியாகிறாள். அவருடைய மொழிவளம் பெரியது. ஆனாலும் எதிரே நிற்பது அங்கும் ஆண்தான்.

நம்ஜோஷி மூடிய கதவு 16 ஆண்டுகளுக்குப் பின் திறந்தது. டப்ளினில் பிறந்த எம்மா டோனஹ்யூ 1997இல் 'கிஸ்ஸிங் த விட்ச்' நூலை வெளியிட்டார். பதின்மூன்று கதைகள். கடைசிக் கதை தவிர ஒவ்வொன்றின் முடிவிலும் நாயகி தன் எதிரே இருப்பவளிடம், இதற்கு முன் நீ யாராக இருந்தாய் என்று கேட்கிறாள். அவள் சொல்லத் தொடங்குவது அடுத்த கதை. இப்படியே பின்னோக்கிப் போய்க் கடைசியில் குகையில் வாழும் சூனியக்காரியிடம் வந்து சேர்கிறோம். பழைய கதைகளில் கிழவியும் குமரியும், சித்தியும் மகளும் உட்கார்ந்து பேசி நாம் கேட்டதே இல்லை. ஒருத்தி சபிப்பாள், ஒருத்தி தூங்குவாள். இங்கே பேசுகிறார்கள். ஸ்னோ ஒயிட்டின் சித்திக்கும் அவளுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரில் யார் அழகி என்று கேட்டுப் போட்டியை மூட்டிவிடுபவர் அரசர். சிண்டரெல்லா இளவரசனை விட்டுவிட்டு, நடனத்துக்குத் தன்னை அலங்கரித்து அனுப்பிய பெண்ணுடன் வீடு திரும்புகிறாள். மிருகத்தின் முகமூடி விலகும்போது உள்ளே இருப்பவள் ஒரு பெண். அவளும் அழகியும் சேர்ந்து வாழ்கிறார்கள். ஊர் அவர்களைப் பற்றி இரண்டு அழகிகள் என்றும் இரண்டு மிருகங்கள் என்றும் பேசிக்கொள்கிறது.

பிறகு மலிண்டா லோ எழுதிய 'ஆஷ்' 2009இல் வந்தது. அதில் சிண்டரெல்லா காதலிப்பது அரசரின் வேட்டைக்காரியான கைசாவை. அந்த உலகில் பெண் பெண்ணைக் காதலிப்பதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. விளக்கம் கேட்பதும் இல்லை. கதையாக எனக்கு டோனஹ்யூவே உயர்ந்தவர் என்றாலும், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு முதலில் கொடுப்பது 'ஆஷ்' ஆகத்தான் இருக்கும். அந்த வயதில் ஒருமுறையாவது, தான் யாருக்கும் பயமூட்டும் பிராணி ஆகாத கதையைப் படித்துவிட வேண்டும். நம்ஜோஷியை அவளுடைய அப்பா அம்மாவுக்குக் கொடுப்பேன். பக்கங்கள் குறைவு, ஒரே மாலையில் படித்துவிடலாம்.