பாட்டிலில் தொங்குவது பால் அல்ல!

போன மாதம் என் நாத்தனாருக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1,200 கிராம்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மறுநாள் பார்த்தால், குழந்தையின் ரத்தக்குழாயில் ஏறும் டியூபில் வெள்ளை வெளேரென்று ஏதோ இறங்குகிறது. "ஐயையோ, ரத்தத்துல பாலை ஏத்துறாங்களே!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது. எண்ணூரில் ஷிப்ட் முடிந்து ஓடிவந்த குழந்தையின் அப்பா, "புள்ளையைக் குடுத்துடுங்க, வேற இடம் பார்த்துக்கறோம்" என்று நின்றார்.

அப்புறம்தான் ஒரு நர்சம்மா விளக்கினார். அது பால் இல்லையாம், சோயா எண்ணெய். எண்ணெயை அப்படியே ரத்தத்தில் விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக்கித் தண்ணீரில் கலக்கிறார்கள். அதனால்தான் வெள்ளை நிறம். 1960களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு டாக்டர் அர்வித் விரெட்லிண்ட் கொண்டுவந்த முறை இது.

குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கவும் தெரியாது, குடலும் பக்குவப்பட்டிருக்காது. உடம்பில் சேமித்த கொழுப்பும் கிடையாது. வெறும் குளுக்கோஸ் போதாது. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மூளை வளரவும் கொழுப்பு வேண்டும். மிஷின் வைத்து மெதுவாக ஏற்றி, ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். பல வாரம் தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால், பால் ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள இதைக் குறைத்துவிடுவார்களாம்.

இதற்குள் என் நாத்தனார், "அதான் பாட்டில்ல ஏறுதே அண்ணி, என் பால் எதுக்கு?" என்று பால் பீய்ச்சுவதையே விட்டுவிட்டாள். நர்சம்மா திட்டிய திட்டில் மறுபடி ஆரம்பித்தாள். அந்தச் சொட்டுப் பால்தான் டியூப் வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குப் போனது. பால் சுரக்காத தாய்மாருக்காக மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள் என்றால், தாய்ப்பாலின் அருமையைப் பாருங்கள்!

சகோதரிகளே, பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். என்ன ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். எண்ணெய் ஏறினாலும் பால் பீய்ச்சுவதை நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்களும் பாட்டிலை மாட்டுவதற்கு முன்பே இரண்டு நிமிஷம் ஒதுக்கி, பெற்றவளுக்குப் புரியும் தமிழில் சொல்லக் கூடாதா? விளக்கம் சொல்வதும் வைத்தியத்தில் ஒரு பங்குதானே!

– ஒரு வாசகி, காலடிப்பேட்டை, சென்னை-19.